பத்து நிமிட நுரை

போன கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், லேப்பிலிருந்து வாட்ஸப்பில் ரிப்போர்ட் வந்தது. எங்கள் நாய் பிரவுனியின் வயிற்றுத் தோலில் வந்த புண்ணிலிருந்து எடுத்த சீழின் கல்ச்சர் ரிப்போர்ட். இடது பக்கம் வரிசையாக மருந்துப் பெயர்கள். வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் எழுத்து. எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும், ஆர் என்றால் அடங்காது. செஃபலெக்சின் ஆர். அமாக்சிசிலின்-கிளாவுலனேட் ஆர். ஆக்சசிலின் ஆர். என்ரோஃப்ளாக்சசின் ஆர். கிளிண்டமைசின் ஆர். டாக்சிசைக்ளின் ஆர். கோட்ரைமாக்சசோல் ஆர். கடைசியில் நாலே நாலு எஸ்: அமிகாசின், குளோராம்ஃபெனிகால், ரிஃபாம்பிசின், லினிசோலிட்.

ரிஃபாம்பிசின் எனக்குத் தெரிந்த பெயர். சித்தப்பாவுக்கு டிபி வந்தபோது வீட்டில் புழங்கிய மாத்திரை அது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது என்று அவர் பயந்துபோன நாள் இன்னும் நினைவிருக்கிறது. ஒரு நாய்க்குத் தோலில் வந்த சொறிக்கு டிபி மருந்து வரைக்கும் போக வேண்டுமா என்று நினைத்ததும் வயிற்றைப் பிசைந்தது. அன்று ராத்திரி பிரவுனி மேசைக்கடியில் படுத்துக்கொண்டு வயிற்றை நக்கும் சத்தம் விடியும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் தூங்கவில்லை.

அதே மாதிரி ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இன்று ராத்திரி யாராவது உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இந்த நிலைமைக்கு எப்படி வந்தோம் என்று சொல்லிவிடுகிறேன். பிரவுனிக்கு ஆறு வயது, 24 கிலோ. அப்பா லேப்ரடார், அம்மா எங்கள் தெரு நாய். மூன்று வருஷமாக மழைக்காலம் தொடங்கினால் அவளுக்கு வயிறு சிவக்கும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் கடுகு அளவில் சீழ்ப் பொரிகள் கிளம்பும். அவை உடைந்த இடத்தில் வட்டமாகத் தோல் உரிந்து, ஓரத்தில் செதில் நிற்கும். படர்தாமரை என்றுதான் ரொம்ப நாள் நினைத்தோம். பார்க்க அப்படியேதான் இருக்கும். ஆனால் அது பூஞ்சை இல்லை, பாக்டீரியா.

ஒவ்வொரு தடவையும் பக்கத்துக் கிளினிக்கில் ஓர் ஊசி போட்டு, ஏழு நாள் செஃபலெக்சின் கொடுப்பார்கள். இரண்டே நாளில் சொறிவது நின்றுவிடும். மாத்திரை என்னமாய்க் கேட்கிறது என்று சந்தோஷப்படுவோம். ஒன்றரை மாதத்தில் திரும்ப வரும். அந்த ஊசி ஸ்டீராய்டு என்பது எனக்கு மூன்றாவது வருஷம்தான் தெரிந்தது. அரிப்பை நிறுத்தியது ஸ்டீராய்டு, பெயர் வாங்கியது ஆன்டிபயாட்டிக். அரிப்பு எதனால் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். மறைத்தால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. மூன்றாம் தடவை வந்தபோது கிளினிக்குக்குப் போகவில்லை. மாத்திரை டப்பாவில் மிச்சமிருந்த அட்டையைத் தேடி எடுத்தேன். அது தீர்ந்ததும் மெடிக்கல் ஷாப்பில் காலி அட்டையைக் காட்டி, "தம்பி, இதே மாத்திரை ஒரு அட்டை குடுப்பா" என்று வாங்கினேன். 500 மில்லிகிராம் இல்லை, 250தான் இருக்கிறது என்றார். பரவாயில்லை என்று வேளைக்கு ஒன்று கொடுத்தேன். நாய்களுக்குச் செஃபலெக்சின் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம், பெரும்பாலும் 22க்கு மேல், தினம் இரண்டு வேளை தருவார்கள். 24 கிலோ பிரவுனிக்கு நான் கொடுத்தது கிலோவுக்கு 10 சொச்சம்தான் வந்தது. நாலு நாளில் புண் காய்ந்தது, நிறுத்திவிட்டேன்.

ஐந்தாம் தடவை புண் காயவே இல்லை. அப்போதுதான் தோல் நோய் மட்டும் பார்க்கும் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். சின்ன வயசு, ரொம்ப நிதானமான பெண். மருந்துச் சீட்டை எடுக்கவே இல்லை. கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து, புதிதாக உடைந்த ஒரு பொரியின் மேல் மெல்ல அழுத்தினார். அதற்குச் சாயம் ஏற்றி, கழுவி, காயவைத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். "வாங்கம்மா, நீங்களே பாருங்க" என்றார்.

நாவற்பழச் சாறு தெறித்த மாதிரி ஊதா. அதில் பெரிய பெரிய செல்கள், எங்கள் பிரவுனியின் வெள்ளை அணுக்கள். ஒரு செல்லுக்குள்ளே நுணுக்கமான உருண்டைகள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. அந்தச் செல் அவற்றை விழுங்கியிருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. நாங்கள் ஒன்றும் புரியாமல் மாத்திரை மாற்றிக்கொண்டிருந்த மூன்று வருஷமும் அவள் உடம்பு தன் பங்குக்குச் சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அந்த உருண்டைகளின் பெயர் ஸ்டாஃபிலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ். ஸ்டாஃபிலே என்றால் கிரேக்கத்தில் திராட்சைக் கொத்து. தனி இனம் என்று 2005இல்தான் இதைப் பிரித்துப் பெயர் வைத்தார்கள். எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும் கிருமி இல்லை இது. நாயின் மூக்கு, வாய், மலவாயில் பிறவியிலிருந்தே குடியிருப்பது. தோல் நன்றாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. அரித்து, நக்கி, ஈரத்தில் ஊறித் தோல் பலவீனமானால் உள்ளே புகுந்துவிடும்.

மருந்துக்கு அடங்குவதா, அடங்காததா என்று மைக்ராஸ்கோப்பில் தெரியாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்குத்தான் கல்ச்சர். உடையாத ஒரு பொரியை ஊசிமுனையால் திறந்து, வந்த சீழை மட்டும் ஸ்வாபில் தொட்டு எடுத்தார். முன்னதாக ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் கிருமி செத்து ரிப்போர்ட் பொய்யாகிவிடும் என்றார். லேப்பில் அதைத் தட்டில் வளர்த்து, மேலே மருந்து தோய்ந்த வட்ட வட்டத் தாள்களை வைப்பார்கள். மருந்து வேலை செய்தால் தாளைச் சுற்றிக் கிருமி வளராத ஒரு வெற்று வளையம் விழும். அந்த வளையத்தை மில்லிமீட்டரில் அளந்துதான் எஸ் அல்லது ஆர் போடுகிறார்கள். நாலைந்து நாள் ஆகும். அந்த நாலைந்து நாள் பொறுக்கத்தான் நமக்கு மனசு வராது.

ரிப்போர்ட்டோடு மறுநாள் போனேன். டாக்டர் முதலில் பார்த்தது ஆக்சசிலின் வரியை. அதில் ஆர் இருந்தால் பென்சிலின், செஃபலோஸ்போரின் என்று அந்தக் குடும்பத்து மருந்து எதுவுமே பலிக்காது. லேப் தவறிப்போய் வேறு வரியில் எஸ் போட்டிருந்தாலும் நம்பக்கூடாது. காரணத்தைத் தாளில் படம் போட்டுக் காட்டினார். கிருமி தன்னைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொண்டே வளர்கிறது. சுவர் கட்டும் கொத்தனார் ஒரு புரதம். பென்சிலின் அந்தக் கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்ளும், சுவர் நிற்காது, கிருமி வெடித்துச் சாகும். இந்தக் கிருமியிடம் மெக்-ஏ என்ற மரபணு இருக்கிறது. அது வேறொரு கொத்தனாரைக் கொண்டுவருகிறது. அவன் கையைப் பென்சிலினால் பிடிக்க முடியாது. அவ்வளவுதான். இந்த வகைக்கு எம்.ஆர்.எஸ்.பி. என்று பெயர்.

"என் நாய்க்கு மருந்து பழகிப்போச்சா டாக்டர்?" என்று கேட்டேன். எல்லாரும் அப்படித்தான் கேட்பார்களாம். நாய்க்கு எதுவும் பழகுவதில்லை. ஆன்டிபயாட்டிக் உள்ளே போகும் ஒவ்வொரு தடவையும் அடங்கும் கிருமிகள் சாகின்றன. அடங்காத ஒன்றிரண்டு இருந்தால் காலியான இடம் முழுக்க அவற்றுக்கு. சரியான அளவில் கொடுத்தாலும் இது கொஞ்சம் நடக்கும். அதனால்தான் தேவையில்லாமல் தரக்கூடாது. நான் கொடுத்த மாதிரி அரையும் குறையுமாகத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் கேட்கவே வேண்டாம்.

அடுத்து அவர் சொன்னதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. "இதுல எஸ் போட்டிருக்கிற மருந்து எதையும் நான் இப்போ எழுதப் போறதில்லைம்மா."

"அப்போ எப்படிங்க டாக்டர் சரியாகும்?"

"குளிப்பாட்டுங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை தூரம் வந்து, இத்தனை காசு கொடுத்து டெஸ்ட் எடுத்து, குளிப்பாட்டச் சொல்கிறாரே! அவர் பொறுமையாக விளக்கினார். புண் மேல்தோலில் இருக்கிறது. மாத்திரை வயிற்றுக்குள் போய், ரத்தத்தில் கலந்து, தோலுக்கு வந்து சேருவதற்குள் அதன் செறிவு கொஞ்சமாகிவிடும். குளோர்ஹெக்சிடினை நேராகத் தோலில் போட்டால் கிருமியின் மேல் அது விழும் செறிவே வேறு. மெக்-ஏ இருக்கிறதா இல்லையா என்பது குளோர்ஹெக்சிடினுக்குப் பொருட்டே இல்லை. மேல்தோல் சீழ்ப் புண் வந்த நாய்களில் ஒரு குழுவுக்குக் குளோர்ஹெக்சிடின் மட்டும், இன்னொரு குழுவுக்கு அமாக்சிசிலின்-கிளாவுலனேட் மாத்திரை என்று கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. நாலு வாரத்தில் இரண்டு குழுவும் ஒரே மாதிரி குணமாயின.

சரி, குளியல். இதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் கோட்டைவிடும் இடம் இதுதான்.

ஷாம்பூவில் குளோர்ஹெக்சிடின் 2 முதல் 4 சதவீதம்வரை இருக்க வேண்டும். சும்மா 'மெடிக்கேட்டட்' என்று போட்டிருந்தால் போதாது, பின்னால் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். சாயங்காலம் மொட்டை மாடியில் ரப்பர் பாய் விரித்து அவளை நிறுத்துவேன். தண்ணீர் சூடாக இருக்கக்கூடாது, சூடு அரிப்பைக் கிளப்பும். மேல்முடி நனைந்தால் போதாது, அடித்தோல்வரை நனைய வேண்டும். மக்கில் மொண்டு ஊற்றிக்கொண்டே இன்னொரு கையால் முடியை எதிர்ப்பக்கமாகக் கோதினால்தான் தண்ணீர் உள்ளே இறங்கும். பிறகு ஷாம்பூ. முதலில் வயிறு, அக்குள், தொடை இடுக்கு, விரல்களுக்கு நடுவே. நல்ல இடத்துக்கு அப்புறம் போகலாம். கண்ணில் ஒரு துளிகூடப் படக்கூடாது. காதுக்குள்ளும் விடக்கூடாது, உள்ளே ஜவ்வு கிழிந்திருந்தால் காது கேட்காமல் போய்விடும்.

நுரை வந்த பிறகு பத்து நிமிடம். தோலோடு மருந்து ஒட்டியிருக்கும் அந்தப் பத்து நிமிடம்தான் வைத்தியம். இரண்டு நிமிடத்தில் கழுவிவிட்டால் வெறும் குளியல். பத்து நிமிடம் நனைந்த நாயைப் பிடித்து நிறுத்தியவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு நீளம் என்று. முதல் நாள் மூன்று தடவை உதறினாள், என் முகமெல்லாம் நுரை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். போனில் இளையராஜா பாட்டு இரண்டு வைத்துவிடுவேன். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். பாட்டு ஓடும்வரை கேரட் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே வயிற்றை விரல் நுனியால் தேய்த்துக்கொண்டிருப்பேன். இரண்டாவது பாட்டு முடிந்ததும் அலசல். அப்புறம் துண்டால் ஒற்றி ஒற்றி ஈரம் எடுக்க வேண்டும், தேய்க்கக்கூடாது. வாரத்துக்கு மூன்று நாள் இது.

இரண்டாம் வாரம் டாக்டர் திரும்பக் கண்ணாடித் துண்டை வைத்துப் பார்த்தார். கொத்துகள் குறைந்து அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. ஐந்தாம் வாரம் ஒன்றும் இல்லை. ஒரு ஆன்டிபயாட்டிக் மாத்திரைகூட இல்லாமல்.

எல்லாப் புண்ணும் இப்படிக் குளியலில் ஆறிவிடாது. ஆழமாக இறங்கி, துளை துளையாகச் சீழும் ரத்தமும் வடிந்து, காய்ச்சல் அடித்து, நாய் சாப்பாட்டை ஒதுக்கினால் உள்மருந்து வேண்டும். அதை கல்ச்சர் பார்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டும். மிச்சமிருக்கும் எஸ் மருந்துகள் லேசுப்பட்டவை இல்லை. அமிகாசின் ஊசி சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரிஃபாம்பிசின் ஈரலைப் பதம் பார்க்கும், தனியாகக் கொடுத்தால் கிருமி அதையும் சீக்கிரமே வென்றுவிடும். குளோராம்ஃபெனிகால் கொடுத்தால் சில நாய்களுக்குப் பின்னங்கால் துவண்டுவிடும். அதைத் தொடும் மனிதர்களில் அபூர்வமாக ஒருவருக்கு எலும்பு மஜ்ஜையே செயலிழந்துபோகலாம் என்பதால் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. லினிசோலிட் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடும் மனிதர்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கும் மருந்து. அதை ஒரு நாயின் வயிற்றுப் பொரிக்குக் கேட்க எனக்கு வாய் வராது. பிரவுனி என் குழந்தை. அது தெரிந்துதான் சொல்கிறேன்.

கிருமி போனதும் வேலை முடிந்துவிடவில்லை. அரிப்பு எங்கிருந்து வருகிறது? முதலில் உண்ணி, தெள்ளுப்பூச்சி. மாதாமாதம் மருந்து, எந்த மாதமும் தவறாமல். பிறகு சாப்பாடு. பிறந்ததிலிருந்து கோழியும் சோறும் தின்று வளர்ந்தவளுக்கு எட்டு வாரம், அதுவரை அவள் வாயில் படாத மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மட்டும். அம்மாவை ஒரு பிஸ்கட்கூடப் போடவிடாமல் தடுத்ததுதான் அதில் பெரும்பாடு. எட்டு வாரத்தில் அரிப்பு குறையவில்லை, ஆக சாப்பாடு காரணமில்லை. கடைசியில் அடோபி என்று முடிவானது. தூசி, பூஞ்சை வித்து மாதிரி சுற்றுப்புறத்தில் இருப்பவற்றுக்கு ஒவ்வாமை. தீராது, அடக்கி வைக்கலாம். மழைக்காலத்தில் அரிப்புக்கான மாத்திரை உண்டு, வாரம் ஒரு குளியல் உண்டு. சில நாய்களுக்குப் புண் திரும்பத் திரும்ப வரக் காரணம் தைராய்டு குறைவாக இருக்கும், சிலதுக்குக் குஷிங் நோயாக இருக்கும். காரணத்தைத் தேடாமல் புண்ணுக்கு மட்டும் மருந்து போட்டால் எங்கள் மூன்று வருஷம்தான் உங்களுக்கும்.

பூனை வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லணும். எங்கள் மேல்மாடியில் ஒரு பூனை, நாலு வயசு. சிறுநீரில் ரத்தம் வந்தது. இன்ஃபெக்ஷன் என்று மூன்று தடவை ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். நாலாம் தடவை டாக்டர் வயிற்றின் வழியாக ஊசி விட்டுச் சிறுநீர்ப்பையிலிருந்தே நேராகச் சாம்பிள் எடுத்து கல்ச்சருக்கு அனுப்பினார். கிருமி ஒன்றுகூட வளரவில்லை. சின்ன வயசுப் பூனைகளில் இது பெரும்பாலும் கிருமியால் வருவதே இல்லை, மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பை வீங்குவது. ஒரு வாரத்தில் தானாக அடங்கும் என்பதால்தான் மருந்து கேட்ட மாதிரித் தோன்றும். தண்ணீர்ச் சத்துள்ள சாப்பாடு, கூடுதலாக ஒரு மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் இடம், இவைதான் அதற்கு வைத்தியம். ஆனால் ஆண் பூனை முக்கிக்கொண்டே இருந்து சொட்டுகூட வரவில்லை என்றால் அடைப்பு. காலையில் பார்க்கலாம் என்று விடாதீர்கள், அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நாய்க்கு வாங்கியதில் மிச்சமான மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது. என்ரோஃப்ளாக்சசின் அளவு மிஞ்சினால் பூனைக்குக் கண் குருடாகும். டாக்சிசைக்ளின் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் வெந்து சுருங்கிவிடும். அதனால் மாத்திரைக்குப் பின்னாலேயே தண்ணீரோ சாப்பாடோ உள்ளே போயாக வேண்டும்.

தெரு நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. வெயிலிலும் மழையிலும் அவர்கள் படும் பாட்டுக்குத் தலை வணங்குகிறேன். ஆனாலும் எந்தப் புண் என்றாலும் ஐந்து நாள் செஃப்ட்ரையாக்சோன் ஊசி என்கிற பழக்கத்தை அவர்கள் விடணும். 2012 ஆகஸ்டில் சென்னையில் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் கூடி, மருந்துக்கு அடங்காத கிருமிகளைத் தடுக்க ஒரு வழிமுறை வகுத்தன. 'சென்னைப் பிரகடனம்' என்றே அதற்குப் பெயர். 2014 மார்ச்சிலிருந்து எச்1 என்ற மருந்துப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. செஃப்ட்ரையாக்சோனும் டிபி மருந்துகளும் அதில் இருக்கின்றன. சீட்டில்லாமல் விற்கக்கூடாது. யாருக்கு, எந்த டாக்டர் எழுதி, எவ்வளவு கொடுத்தோம் என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சட்டம் இருக்கிறது. அட்டையைக் காட்டி மாத்திரை வாங்கும் கையும் இருக்கிறது. என் கையும் அதில் ஒன்றாக இருந்தது.

வீட்டில் அம்மாவுக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண் ஒன்று உண்டு. இந்தக் கிருமி மனிதர்களைத் தாக்குவது அபூர்வம். ஆனாலும் புண் உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஜாக்கிரதையாக இருக்கச் சொன்னார் டாக்டர். அம்மாவின் புண்ணுக்கு எப்போதும் கட்டு, பிரவுனி அதை நக்கவிடுவதில்லை. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, அவள் படுக்கும் துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுவது. இவ்வளவுதான். அவளை ஒதுக்கி வைக்கவோ யாரிடமாவது கொடுத்துவிடவோ எந்த அவசியமும் இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் கேட்காதீர்கள். புண் ஆறிய பிறகும் அவள் மூக்கிலோ வாயிலோ கிருமி மாதக்கணக்கில் இருக்கலாம். அதை ஒழிக்க என்று மருந்து கொடுக்கக்கூடாது. ஆனால் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் உள்ளே நுழையும் முன்பே, இவளுக்கு எம்.ஆர்.எஸ்.பி. இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். அந்த மேசையில் அடுத்து ஏறப்போவது அறுவை முடிந்த ஒரு குட்டியாக இருக்கலாம்.

இந்த ஐப்பசியில் மழை தொடங்கிய மூன்றாம் நாள், டார்ச் அடித்து வயிற்றைப் பார்த்தேன். இடது தொடை இடுக்கில் இரண்டு பொரி. கை நடுங்கியது, பொய் சொல்ல மாட்டேன். மாத்திரை டப்பா பக்கம் போகவில்லை. போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பிவிட்டு ரப்பர் பாயை விரித்தேன். மழைக்காக இந்தத் தடவை குளியலறையில்தான். முதல் பாட்டில் முணுமுணுத்தாள். இரண்டாவது பாட்டு முடியும் இடம் அவளுக்கு மனப்பாடம். கடைசி வயலின் அடங்கியதும் தானே எழுந்து, குழாய்ப் பக்கம் திரும்பி நின்றாள்.